மஞ்சள் வைத்த மேடு

1

திங்கட்கிழமை சாயங்காலம் நான் சாப்பிட உட்கார்ந்தால் என் மகள் மெர்சி முதலில் பார்ப்பது என் நகங்களைத்தான். "அப்பா, திரும்பவும் மஞ்சள். போய்க் கழுவு" என்பாள். எட்டு வயது. 'அப்பா' ஒன்றுதான் தமிழ், மீதியெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் பதில் சொல்வேன், அவள் இங்கிலீஷில் திருப்பிக் கேட்பாள். ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாக நின்று பேசிக்கொள்வது மாதிரித்தான் நடக்கிறது எங்கள் வீடு.

மஞ்சள் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில், டொரன்டோவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், ஒரு சரளைக்கல் குவாரியில் எனக்கு வேலை. கல் எடுக்கிற வேலை இல்லை, தண்ணீர் அளக்கிற வேலை. குவாரியைச் சுற்றிப் பண்ணை வீடுகள். அவர்களுடைய கிணறு நம் ஊர்க் கிணறு மாதிரி எட்டிப் பார்க்கிற கிணறு இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு குழாய், அதற்கு ஒரு மூடி, அவ்வளவுதான். திங்கட்கிழமைதோறும் மூடியைத் திறந்து, இரும்பு நாடாவின் நுனியில் மஞ்சள் சாக்பீசைத் தேய்த்து உள்ளே இறக்குவேன். இழுத்துப் பார்த்தால் தண்ணீர் பட்ட இடம் வரை மஞ்சள் கருத்திருக்கும். அந்தக் கோட்டைப் படித்து எழுதிக்கொண்டு வர வேண்டும்.

இங்கே பூமியிலிருந்து எதை எடுப்பதானாலும், எடுத்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன ஆகும் என்று முதலில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் ஊரில் வாயால் சொல்வதை இவர்கள் சட்டமாக வைத்திருக்கிறார்கள் என்று, வந்த புதிதில் ஊருக்குக் கடிதம் எழுதிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

இன்று திங்கள். வியாழக்கிழமை டவுன் ஹாலில் விசாரணை. குவாரியைத் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே தோண்ட எங்கள் கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. அளந்தவன் என்ற முறையில் நான் எழுந்து நின்று, நான் கையெழுத்துப் போட்ட தாளைப் படிக்க வேண்டும். அந்தத் தாளில் ஜூலை மாதம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் வேறொரு மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது வருஷமாக என் மனைவி லூர்துவிடம்கூடச் சொல்லாதது.

2

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் தாண்டி வடக்கே போனால் கொள்ளிடம். அதன் வட கரையில் எங்கள் ஊர். மாரியம்மன் கோயில் தெரு ஒரு பக்கம், மாதா கோயில் தெரு ஒரு பக்கம். இரண்டு தெருவுக்கும் குடிதண்ணீர் ஒன்றுதான். மாசி முடிந்தால் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். பெண்கள் இறங்கி மணலைப் பறித்து ஊற்றுத் தோண்டுவார்கள். ஆழத்துக்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோல் அவரவர் கை. பள்ளத்தில் கையை விட்டு, மணிக்கட்டில் தண்ணீர் தட்டினால் நல்ல வருஷம். முழங்கையில் தட்டினால் பாதகமில்லை. தோள் வரை போனால், "ஆத்தா கோவமா இருக்கா இந்த வருஷம்" என்பார்கள்.

முதல் ஊற்றைத் திறப்பவர் எப்போதும் பொன்னம்மா அக்கா. அப்போது நாற்பது வயது இருக்கும். யாரையும் விட்டுவைக்காத வாய். "சவரி, ஒங்க சாமி கல்யாண வீட்ல தண்ணியத் திராட்சை ரசமாக்குனாராமே. எங்களுக்குத் தண்ணியத் தண்ணியாவே குடுக்கச் சொல்லு, போதும்" என்பார். நான் சிரித்துவிட்டு அவர் குடத்தைத் தூக்கித் தலையில் வைப்பேன்.

எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் எங்கள் ஊருக்கு நேரே ஆற்றில் மணல் எடுக்கக் குத்தகை விட்டார்கள். அதுவரை மாட்டுவண்டி வரும், போகும். வண்டி எடுத்த குழி அடுத்த தண்ணீரில் தூர்ந்துவிடும். இப்போது லாரி வந்தது. பத்தாவதில் தவறிப்போய் வீட்டில் கிடந்த என்னை, தங்கராசு மேஸ்திரி அழைத்து ஆழம் பார்க்கிற வேலையில் வைத்தார். விதி ஒன்றுதான்: மூன்று அடிக்குக் கீழே போகக்கூடாது. போனால் ஊற்றுத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கிவிடும்.

மூன்று அடி என்று எப்படித் தெரியும்? தோண்டுகிற இடத்தின் நடுவில், வண்டிச் சக்கரம் அகலத்துக்கு, மணலைத் தொடாமல் விட்டுவிடுவோம். சுற்றிலும் தோண்டத் தோண்ட அது மேடாக எழுந்து நிற்கும். அதன் தலையில் பழைய ஆற்றுப்படுகையின் கோரைப்புல் அப்படியே இருக்கும். மேட்டின் உயரம்தான் தோண்டிய ஆழம். ஏரி, குளம் வெட்டுகிற ஆட்கள் காலங்காலமாகச் செய்வது. மேட்டின் தலையைக் கொஞ்சம் சீவிவிட்டு அதே புல்லைத் திரும்ப ஒட்டிவிட்டால் ஆழம் குறைந்து காட்டும் என்பதும் காலங்காலமாக எல்லாருக்கும் தெரியும்.

பொன்னம்மா அக்காவுக்கும் தெரியும். ஊற்றுத் திறக்கிற அன்று ஒரு பிடி ஈர மணலைப் பிடித்துவைத்து, மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிட்ட பிறகுதான் குடத்தை நனைப்பது வழக்கம். அந்த வருஷம் அவர் மணலைப் பிடிக்கவில்லை. குத்துவிளக்கும் கையுமாக நேரே அந்த மேட்டுக்குப் போனார். தலையில் மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகிக் கற்பூரம் ஏற்றினார்.

மேஸ்திரி ஓடிவந்தார். "ஏம்மா, இது அளவுக்கு விட்ட மேடும்மா."

"நானும் அளவுக்குத்தான் வெச்சேன் தம்பி. இனி இது ஆத்தா. யாரு இவ தலையில மம்பட்டி வைக்கறான்னு பாக்கறேன்."

சனிக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து ஓவர்சியர் வரதன் சைக்கிளில் வந்தார். நெற்றியில் நாமம், கக்கத்தில் குடை. அளந்து எழுதிக்கொண்டு போகிறவர் அவர்தான். நேர்மையான மனிதர். மேட்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பேஷ். இதைச் செதுக்கிடுவாளேன்னு எனக்கு ஒரே விசாரம். லெவல் பாக்கற மிஷின் வேணும்னு மேலே எழுதிக்கூடப் போட்டேன். இனிமே எதுக்கு? ஒருத்தனும் கைவைக்கமாட்டான். இவளே போறும்."

அந்த மஞ்சளை அவர் அவ்வளவு நம்பினார்.

3

சித்திரை பாதியில் பள்ளம் நாலரை அடி போய்விட்டது. அந்த வாரம் வரதன் சார் எழுதுகிற அளவை வைத்துத்தான் குத்தகையை ஊற்றுப் பக்கமாக நீட்டுவதா, நிறுத்துவதா என்று மேலே முடிவெடுப்பார்கள். வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அளந்தா நாலரை வரும் சவரி. வேலை நின்னுரும். ஒனக்கு வைகாசியில கல்யாணம். வேலை இல்லாத மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுப்பாங்களா?"

"ஆளுங்கள விட்டுச் செதுக்கச் சொல்லுங்க மேஸ்திரி."

"சொல்லிப் பாத்துட்டேன். ஒருத்தன் பக்கத்துல போமாட்டேங்கறான். நானும் தொடமாட்டேன், எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. ஒனக்கென்னய்யா? நீ வேதக்காரன். ஒனக்கு அது வெறும் மண்ணுதான?"

நான் கொஞ்சம் யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. மண்தானே. ஊரில் அத்தனை பேர் கையையும் கட்டிப்போட்ட கட்டு என் கையில் மட்டும் இல்லை என்பதை ஒரு சாமர்த்தியம் மாதிரி நினைத்தேன்.

ஆற்றில் யாரும் இல்லை. வேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்தேன். கோரைப்புல்லை வேர்மண்ணோடு அடைபோலப் பெயர்த்தேன். மம்பட்டியால் ஒன்றரை அடி சீவி, புல்லைத் திரும்ப வைத்து அழுத்தினேன். மஞ்சள் சிதைந்துபோயிருந்தது. மேஸ்திரி எட்ட நின்றபடியே ஒரு பொட்டலத்தை எறிந்தார். மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். குங்குமத்தை எந்த விரலால் வைப்பது என்று தெரியவில்லை. சாம்பல் புதனன்று சாமியார் எங்கள் நெற்றியில் வைப்பது மாதிரி, கட்டைவிரலால் வைத்தேன்.

முடித்தபோது நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. ஊற்றுக்குப் போனால், பொன்னம்மா அக்கா குடத்தோடு இறங்கி வருகிறார். "என்னப்பா, வெயில்ல அலையற?" என்று சொம்பில் மொண்டார். இரண்டு கையையும் குவித்து நீட்டினேன். ஊற்றிக்கொண்டே இருந்தவர் கை நின்றது. என் நகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடியும் ஊற்றினார்.

"குடி. தவிச்ச வாய்" என்றார்.

மறுநாள் வரதன் சார் மேட்டுக்குப் பக்கத்தில் கோலை நிறுத்திக் குனிந்து பார்த்தார். "மூணு அடி. மூணுதானேப்பா சவரி?"

பொன்னம்மா அக்கா பத்தடி தள்ளி, இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"மூணு அடிதான் சார்" என்றேன்.

4

இப்போது ஜூலைக்கு வருகிறேன்.

இங்கே குவாரியின் மேலாளர் பெயர் கென். கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசு. லூர்து நர்ஸ் வேலைக்கு முதலில் வந்து, பின்னாலேயே நான் குழந்தையோடு வந்து இறங்கியபோது, பனியில் காரை ஓட்டி வீடு தேடிக் கொடுத்தவன் அவன். ஜூலையில் மழை இல்லை. பள்ளத்துத் தண்ணீரை இரண்டு வாரம் பம்பு வைத்து இறைத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு திங்களும் மிஸஸ் டாய்ல் என்ற கிழவியம்மாவின் கிணறு நாலு அடி இறங்கியிருந்தது. தனியாக இருந்துகொண்டு ஏழெட்டு மாடு வைத்திருக்கிறவர். "குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதிலாக இருமல் வருகிறது, மிஸ்டர் சவரி" என்றார், சிரித்துக்கொண்டே.

செப்டம்பரில், நான் எழுதிக் கொடுத்த மொத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு கென் கதவைச் சாத்தினான். நாடா ஜூலையில் பழுதாக இருந்தது என்று போட்டுவிடலாம் என்றான். குளிர்காலம் போய்ப் பனி உருகினால் கிணறு தானாக ஏறிவிடும் என்றான். "ஆடியில வெள்ளம் வந்தா ஆறே நிரவிடும்" என்று அந்த வெள்ளிக்கிழமை தங்கராசு மேஸ்திரி சொன்னது அப்படியே இங்கிலீஷில் கேட்டது.

"பார்க்கலாம்" என்றேன். நம் பக்கத்தில் ஒருவர் பெண் கேட்டுப் போய், அவர்கள் 'பார்க்கலாம்' என்றால், வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். கென் என் தோளில் தட்டிக்கொடுத்து நன்றி சொன்னான். அடுத்த நாள் மேஜையில் தாள் தயாராக இருந்தது. மூன்று பிரதி. 'கருவிக் கோளாறு' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. பென்சிலால் ஒரு சின்னக் குறி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில். போட்டேன். பேனா ஓடின வேகத்தில் மம்பட்டி ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் சோற்றில் கை வைக்கும்போதுதான் வந்தது.

'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்பார்கள். நாங்கள் இங்கே ஓடி ஓடி உழைத்தே ஒரு குன்றைத் தின்று முடித்துவிட்டோம். இப்போது அதற்கு அடியில் இருப்பதைக் கேட்கிறோம். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த ஊர் ரோடும் எங்கள் வீட்டு அஸ்திவாரமும் அந்தக் கல்தான். எடுத்தது எவ்வளவு என்று உள்ளபடி சொல்லிவிட்டு எடுக்கலாமே என்கிறேன்.

அந்த வாரம் மெர்சி பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். 'தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்று தலைப்பு. பளபளவென்று ஒரு குழாய், கீழே ஒரு சொட்டு.

"குழாய்க்குப் பின்னால என்னம்மா இருக்கு?"

படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "சுவர்" என்றாள்.

5

நான் அன்று சொன்ன மூன்று அடியை வைத்துக் குத்தகை ஊற்றுப் பக்கம் நீண்டது. வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆடியில் வெள்ளமும் வந்தது. மேஸ்திரி சொன்னபடி ஆறு நிரவத்தான் செய்தது, வண்டலால். மேலே பார்க்க வழவழவென்று நன்றாக இருந்தது. வண்டலில் ஊற்று ஊறாது.

அடுத்த பங்குனியில் பொன்னம்மா அக்கா கையை விட்டுப் பார்த்தார். தோள் வரை போயும் ஈரம் இல்லை. கையால் ஆகாது என்று மண்வெட்டியோடு உள்ளே இறங்கினார்கள். இடுப்பாழம். கழுத்தாழம். ஓர் ஆள் முழுக்க மறைகிற ஆழத்தில் கலங்கலாக ஒரு கை தண்ணீர் கண்டது. அதை மொண்டு மொண்டு மேலே கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டு மணல் சரிந்தது. உள்ளே நின்றது பொன்னம்மா அக்கா.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வெறுங்கையால் பறித்தோம். மண்வெட்டி போடப் பயம். முதலில் அவர் தலைமயிர் கிடைத்தது. பிறகு மூக்கு. மூச்சு இருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வண்டியில் போட்டு லால்குடிக்குக் கொண்டுபோனோம்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலோரத்தில் நின்றேன். அவரே பேசினார்.

"கட்டைவெரலால குங்குமம் வைக்கற பொம்பள நம்மூர்ல யாரும் இல்ல சவரி."

பழத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னிக்கே கேட்டிருப்பேன். கேட்டா இல்லம்ப. ஒரு பொய்யோட போவட்டும், ரெண்டாவது எதுக்குன்னு விட்டுட்டேன்."

'நான்தான் அக்கா' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஒடம்பப் பாத்துக்குங்க, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பழத்தைக்கூடக் கொடுக்காமல் பஸ் ஸ்டாண்டு வரை கையில் வைத்திருந்தேன். இரண்டு வருஷத்தில் விமானம் ஏறிவிட்டேன். போயிட்டு வரேன் என்று சொன்னவன் இன்னும் திரும்பிப் போகவில்லை.

6

மேலே உள்ளதை எழுதி ஒரு வாரம் ஆகிறது.

புதன்கிழமை எல்லாவற்றையும் லூர்துவிடம் சொன்னேன். ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டாள். "ஒம்பது வருஷமா என் பக்கத்துல ஒக்காந்து கோயில்ல பூசை பாத்திருக்கீங்க" என்றாள். பிறகு, "கல்யாணத்துக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் என் தலையில போடாதீங்க. எங்கப்பா ஒங்க வேலையப் பாத்து என்னைக் குடுக்கல" என்றாள். நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்த வேலை போனால் வீடு அவள் ஒருத்தியின் தோளில்தான்.

டவுன் ஹாலில் மேடையில் மூன்று பேர். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். மிஸஸ் டாய்ல் இரண்டாவது வரிசையில், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கென் எனக்கு நேரே. ஏப்ரல் படித்தேன். மே படித்தேன். ஜூன் படித்தேன். அடுத்த வரி ஆகஸ்டு. நின்றுவிட்டேன். யாரோ இருமினார்கள்.

சட்டைப்பையில் என் சின்ன நோட்டு இருந்தது. கிணற்றடியில் நின்று முதலில் எழுதுவது அதில்தான், தமிழில்.

"ஜூலையிலும் அளந்தேன்" என்றேன். "நாடா நன்றாகத்தான் இருந்தது. தாளில் இருப்பது பொய். கையெழுத்து என்னுடையது."

நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக மனசுக்குள் இங்கிலீஷாக்கிப் படித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அதை இங்கிலீஷில் சொல்லப் பழகியிருக்கவில்லை. "முன்பும் ஒருமுறை இப்படிச் செய்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எதை எழுதினாரோ.

அனுமதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க வெளியாள் வந்து அளக்க வேண்டுமாம், அதற்குப் பிறகு பார்ப்பார்களாம். கென் என்னிடம் பேசவில்லை. இந்தத் திங்கள் போனபோது நாடாவை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். என்னைக் கல் உடைக்கிற யந்திரத்தில் போட்டிருந்தார்கள். காது அடைத்துவிடுகிறது. எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று தெரியாது. சாயங்காலம் மெர்சி வழக்கம்போல என் கையைப் புரட்டிப் பார்த்தாள். மஞ்சள் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் கொள்ளிடத்துக்கு வடக்கே யாராவது இருப்பீர்கள். எனக்கு ஓர் உபகாரம் செய்யுங்கள். எங்கள் ஊரில், மாரியம்மன் கோயில் தெருவில், கம்பு ஊன்றி நடக்கிற பொன்னம்மா என்று கேட்டால் காட்டுவார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். இந்தக் கடைசிப் பகுதி வேண்டாம், அதில் என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதைப் படித்தால் போதும். அதில் கடைசி வரிக்கு வரும்போது நிறுத்தி, நாலரை என்று திருத்திப் படியுங்கள்.